கிடாவின் சம்மதம்

எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கிடாவிடம் சம்மதம் கேட்பார்கள். கேட்பது என்றால் வாயால் அல்ல. கழுத்தில் மாலை போட்டு, நெற்றியில் மஞ்சள் தடவி, சாமிக்கு எதிரே நிறுத்தி, முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துக் குலுக்க வேண்டும். குலுக்கிவிட்டால் கிடாவுக்கும் சம்மதம், சாமிக்கும் சம்மதம். குலுக்காமல் நின்றால் அரிவாளை ஓங்கக் கூடாது. எவ்வளவு பெரிய ஆளின் கிடாவாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இத்தனை நியாயமான ஏற்பாட்டை நான் மனுஷர் காரியத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கிடாவை வளர்த்தவளிடம் கேட்கும் வழக்கம் மட்டும் ஏனோ இல்லை. நான் ஏழாம் வகுப்பு முடித்த வருஷம், வளர்த்தவள் என் அம்மாவாக இருந்தாள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற சாலையில் இருக்கிறது. மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும், பெய்யாவிட்டால் பேச்சு மட்டும். அம்மா வாசுதேவநல்லூர்ப் பக்கம் பிறந்தவள். அங்கே குளத்துப் பாசனம், நெல் வயல், வாய்க்காலில் எப்போதும் காலளவு தண்ணீர். கரிசல்காட்டில் கட்டிக்கொடுக்கிறோமே என்ற கவலையில், அவள் பிறந்த வீட்டில் பாத்திரம் பண்டத்தோடு ஒரு பெட்டை வெள்ளாட்டையும் சேர்த்து அனுப்பினார்களாம். மழை கைவிட்டாலும் ஆடு கைவிடாது என்று கணக்கு. அந்த ஆடு கைவிடவில்லை. குட்டிக்குக் குட்டி என்று பெருகி, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் தொழுவில் ஆட்டுச் சத்தம் ஓய்ந்ததில்லை.

ஆடு யாருடையது என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் தயங்காமல் அம்மாவுடையது என்பார்கள். குழை ஒடித்துப் போடுவது அவள். தொழு கூட்டுவது அவள். நள்ளிரவானாலும் குட்டி ஈனுகிற ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவள். விற்கிற அன்றைக்கு மட்டும் அது வீட்டு ஆடாகிவிடும். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவார். சாயங்காலம் கயிறு திரும்பி வரும், ஆடு விதையாகவும் உரமாகவும் மாறியிருக்கும். அம்மா அந்தக் கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டுவாள். இதில் அவளுக்கோ அப்பாவுக்கோ மனஸ்தாபம் எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் செவலை விஷயத்தில் அம்மா முன்கூட்டியே வாக்கு வாங்கியிருந்தாள். செவலை என்பது நல்ல சிவப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருந்த கிடா. முந்தின வருஷ விதைப்புக்காக அம்மாவின் கம்மல் சங்கரன்கோவிலில் ஒரு பேங்கில் அடகுக்குப் போயிருந்தது. காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சியைச் சின்னதாக நறுக்கிச் சொருகிக்கொண்டு திரிந்தாள். டவுன் பஸ் அந்த பேங்கைத் தாண்டும்போதெல்லாம் அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். அந்த ஆவணியில் என் தாய்மாமாவுக்குக் கல்யாணம். பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் குச்சி சொருகிய காதோடு ஒரு பெண் போய் இறங்கினால், ஊரார் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் அவள் தம்பியிடம் கேட்பார்கள். அதனால், செவலையை விற்றதும் முதல் வேலையாகக் கம்மலைத் திருப்ப வேண்டும் என்று அம்மா சொல்ல, அப்பாவும் சரி என்று சொல்லியிருந்தார். மனசாரத்தான் சொன்னார். அவர் நல்ல மனுஷர்.

பங்குனியில் ஒரு நாள் அப்பா சங்கரன்கோவிலிலிருந்து டி.வி.எஸ். 50-இல் தவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டிய வளைவில் மணலில் சறுக்கி விழுந்துவிட்டார். பின்னால் வந்த லாரி அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. விழுந்து கிடந்த அந்த நிமிஷத்தில் அவர் வாயில் வந்தது குலசாமியின் பெயர், மனசில் வந்தது செவலை. அவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அந்த டி.வி.எஸ். வண்டியே இருந்தது. அவற்றில் எதையும் நேர்ந்துகொள்ளத் தோன்றவில்லை. ஆபத்தில் ஆண்பிள்ளைக்கு மனைவியின் ஞாபகம் வரும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு மனைவியின் ஆட்டு ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட அதுதானே என்று பிற்காலத்தில் அவரையே கேலி செய்திருக்கிறேன், அவரும் சிரித்திருக்கிறார்.

முழங்கையிலும் முட்டியிலும் கட்டோடு வந்தவரைப் பார்த்து அம்மா அழுதாள். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா அதைச் சொன்னார்.

“சாமிதாம்ளா காப்பாத்துச்சு. செவலைய நேந்துட்டேன். வைகாசிக் கொடைக்கு வெட்டிருவோம்.”

அம்மா துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். “சரி” என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? புருஷன் உயிரைக் காப்பாற்றிய சாமிக்கு நேர்ந்த கிடாவை என் காதுக்கு வேண்டும் என்று கேட்டால், அவளை மனுஷி என்று யார் சொல்வார்கள்? விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் அம்மாவின் தாலி பாக்கியத்தைப் பேசினார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மறு வாரத்திலிருந்து அவள் செவலையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள்.

வெள்ளாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குத் தண்ணீர் என்றால் ஆகாது. தூறல் விழுந்தாலே கூரையைத் தேடி ஓடும். முதுகில் ஒரு சொட்டு பட்டால் போதும், தலையிலிருந்து வால்வரை ஒரு குலுக்குக் குலுக்கிவிடும். கிடாவின் சம்மதம் என்கிற வழக்கமே அந்தக் குலுக்கலை நம்பித்தான் நடக்கிறது. நூற்றில் ஒரு கிடாதான் குலுக்காமல் நிற்கும். அப்படி நின்றால் சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். ஒரு சேவலை அறுத்து நேர்ச்சையைத் தீர்த்துவிட்டு, கிடாவை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் நடந்த கொடைத் திருவிழாவில் ஒரு பங்காளி வீட்டுக் கிடா அப்படித்தான் திரும்பிப் போயிற்றாம். எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அம்மாவும் பண்ணிய கூத்து உங்களுக்குப் புரியாது.

முதலில் ஈரத் துணியால் துடைத்தாள். பிறகு கையால் தெளித்தாள். செவலை குலுக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, அது அடங்கியதும் மறுபடி தெளித்தாள். வாயில் அகத்திக் குழையைக் கொடுத்துக்கொண்டே தெளித்ததில் அது மெல்லமெல்ல மறந்துபோயிற்று. அப்புறம் டம்ளர், அப்புறம் செம்பு. ஊற்றுவது என் வேலை, குழை காட்டுவது அவள் வேலை.

“காதுல மட்டும் படாம ஊத்துட்டி. காதுல தண்ணி போச்சுன்னா குலுக்கிரும்.”

“குலுக்கினா என்னம்மா?”

“சளி பிடிக்கும்.”

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு உண்ணி விழுந்திருக்கிறது என்று சொன்னாள். சித்திரை வெயிலில் குழாயடியில் குடத்துக்குக் குடம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். “மனுசருக்குக் குடிக்கத் தண்ணியக் காணும், ஒங்க கிடாவுக்கு என்னக்கா தினசரி நீராட்டு?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, “சாமிக்கு விட்ட கிடால்லா, கௌரவமாப் போவட்டும்” என்றாள் அம்மா. அதற்கு மேல் யார் பேச முடியும்?

போகப்போக விளையாட்டு பெரிதாயிற்று. செவ்வந்திப் பூ வாங்கி மாலை கட்டி அதன் கழுத்தில் போட்டாள். தண்ணீரில் மஞ்சள் கலந்தாள். ஓட்டைத் தகர டின் ஒன்றை என்னிடம் கொடுத்து மேளம் போல அடிக்கச் சொன்னாள். நான் அடித்தேன். அடிப்பதோடு நிற்காமல் குலவையும் போட்டேன். செவலை இத்தனைக்கும் நடுவில் மாலையிலிருந்த பூவைத் தின்றுகொண்டு, முதுகில் தண்ணீர் வழிய, அசையாமல் நிற்கப் பழகிவிட்டது. என் பள்ளி லீவில் அத்தனை சந்தோஷமான காலம் வேறு இல்லை. திண்டாட்டமெல்லாம் அம்மாவுக்குத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்பா கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் சாய்ந்து அதைப் பார்த்துப் பூரித்துப் போவார். “பாத்தியா ஒங்க அம்மைய? சாமி கிடான்னு எப்படிக் கவனிக்கா!” என்பார்.

சாமியை ஏமாற்றுகிறோம் என்று அம்மா நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அவள் சாமியோடு பேசுவாள். திட்டுவதா கெஞ்சுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல் அது. ஒரு நாள் காதில் விழுந்தது. “ஒமக்குக் கிடா குடுக்க நூறு பேரு இருக்காவ. எனக்குக் காது ரெண்டுதான இருக்கு.” இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லோருக்கும் காது இரண்டுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் கொடை வந்தது. எங்கள் சாமிக்குக் கோயில் என்று கட்டடம் கிடையாது. கரிசலுக்கு நடுவில் உடைமுள் மரங்களுக்கு அடியில் வெள்ளையடித்த பீடங்கள், அவ்வளவுதான். மதியக் கொடைக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆண்கள் பீடத்தைச் சுற்றி நின்றார்கள். கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பெண்கள். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பாதான் சாமியாடி. சாதாரண நாளில் சாந்தமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவர், கச்சையைக் கட்டிவிட்டால் யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி பார்ப்பார்.

பெரியப்பாவுக்கு ஒரு மகள். எனக்கு அக்கா. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க டவுன் பஸ் ஏறிச் சங்கரன்கோவில் போக வேண்டும். அக்கா எட்டு படிக்கும்போதே பெரியவளாகிவிட்டாள். சடங்கு வைத்துப் பந்தி போட்டார்கள், படிப்பு அதோடு நின்றது. பெரிய பிள்ளை தினமும் பஸ்ஸில் போய்வந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்றார்கள். இப்போது அவள் விடிகாலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்வந்தாள். அந்த வேனைப் பற்றி ஊர் ஒரு விதமாகவும் பேசவில்லை. அன்றைக்கு அவளும் எங்கள் வரிசையில்தான் நின்றாள், விரலெல்லாம் மருந்துக் கறையோடு.

செவலையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார்கள். செவலை கழுத்தைத் திருப்பி மாலையைக் கடித்தது. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். அது நிதானமாக மென்றது. “குளிக்க வந்திருக்குடே!” என்று யாரோ ஒரு இளவட்டம் சொல்ல, கூட்டம் சிரித்தது. மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். செம்பு மேல் செம்பாக ஊற்ற ஊற்றச் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அப்போதுதான் சுரீரென்று விளங்கியது. ஆச்சரியத்தோடு அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிய கையோடு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போயிருந்தால் சேவலைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பெரியப்பா வேப்பிலையை உதறிவிட்டு, “குறை இருக்கு, குத்தம் இருக்கு” என்று கத்தினார். எல்லோரும் குறையைத் தேட ஆரம்பித்தார்கள். விளக்கு சரியாக எரிந்தது. படையல் சரியாக இருந்தது. அப்பா பயந்துபோய், தான் ஏதும் விரதம் தப்பவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவரை யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. கூட்டத்தில் வயதில் மூத்த அண்ணாச்சி ஒருவர் கயிற்றுப் பக்கம் திரும்பினார்.

“பொம்பளையாளுவ யாரும் சுத்தக்குறைவா வந்து நிக்கியளா? இருந்தா இப்பவே வெலகிருங்க.”

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏளா, போன கொடைக்கு இவ என் இடுப்புக்குத்தான இருந்தா? இப்பம் தோளுக்கு வந்துட்டாளே. பெரியவளாயிட்டாளா?”

“இல்ல மதினி. பச்சப்பிள்ள அவ” என்றாள் அம்மா.

“நிசமாத்தான் சொல்லுதியா? மறைக்கலயே?”

“பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவாவன்னு மறைக்கவும் ஆள் இருக்குல்லா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்தப் பேச்சைக் கேட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சிக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. “எதுக்கும் அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிருங்க. பெறவு குலுக்குதான்னு பாப்போம்.”

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். வீட்டுக்குப் போனால் டி.வி. பார்க்கலாம், செவலையை வெட்டுவதைப் பார்க்க வேண்டாம். எல்லோரும் என்னையே பார்த்தது கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. யாரோ என் தோளில் கை வைத்தார்கள். அம்மா அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

“அவ எங்கயும் போக வேண்டாம். மதினி, அந்தச் செம்ப வாங்கி இங்கன குடுங்க.”

எங்கள் கொடையில் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை. அப்பா திகைத்துப் போய்ப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, “வளத்தவ கையால ஊத்தட்டும்” என்றார். அது சாமி சொன்னதா, வெயிலில் நின்று களைத்த பெரியப்பா சொன்னதா என்று தெரியவில்லை. அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

செவலை அவளைக் கண்டதும் வாலை ஆட்டியது. அவள் வாலிலிருந்து தொடங்கி, முதுகு வழியாகக் கழுத்துவரை மெதுவாக ஊற்றினாள். அது அசையவில்லை. செம்பில் கடைசியாக இருந்த தண்ணீரை அவள் அதன் இடது காதுக்குள் ஊற்றினாள்.

செவலை குலுக்கியது. கொம்பிலிருந்து குளம்புவரை அப்படி ஒரு குலுக்கு. மஞ்சள் தண்ணீர் அப்பாவின் வேட்டியில், பெரியப்பாவின் கச்சையில், அம்மாவின் முகத்தில் எல்லாம் தெறித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அம்மாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு குலவையிட்டபடியே வந்து என் பக்கத்தில் நின்றாள். அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, அவள் முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பந்தியில் நான் கறியைத் தொடவில்லை. அம்மா சாப்பிட்டாள். அப்பாவைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் எல்லோரையும் போலச் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது வேனில் அவள் காதில் சொன்னேன்.

“நீதான் காதுல ஊத்தின. நான் பாத்தேன்.”

“பேசாம வா” என்றாள்.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். இத்தனை நாள் கஷ்டப்பட்டுப் பழக்கிய கிடாவை, ஜெயிக்கப்போகிற நேரத்தில் அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் போன பிறகு செவலை தற்செயலாகக் குலுக்கியிருந்தால், நான் பெரியவள் ஆனதைச் சாமியே காட்டிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். குலுக்காமல் நின்றிருந்தாலும் அந்தச் சந்தேகம் என்மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அடுத்த பேச்சு பள்ளிக்கூடம்தான். அந்தக் கேள்வி கேட்டவர்கள் வாயை அடைக்க அம்மாவிடம் இருந்தது செவலையை விற்றுத் திருப்ப வேண்டிய கம்மல்தான், அதையும் அங்கேயே கொடுத்துவிட்டாள். ஆவணியில் சங்கரன்கோவில் ரத வீதியில் வாங்கிய கவரிங் கம்மலைப் போட்டுக்கொண்டு மாமா கல்யாணத்துக்குப் போனாள். அது சேராமல் காது புண்ணாகிச் சீழ் வைத்தது. பேங்கிலிருந்த கம்மல் வீட்டுக்கு வரவே இல்லை.

எட்டாம் வகுப்பில் மாசி மாதம் ஒரு லீவு நாளில் நான் பெரியவளானேன். அம்மாவிடம் சொன்னதும் அவள் முதலில் கதவைச் சாத்தினாள். எப்படி இருந்துகொள்ள வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“யாருகிட்டயும் மூச்சு விடப்படாது. அக்காகிட்டயும், அப்பாகிட்டயும். நான் சொல்லும்போது சொல்லிக்கிடலாம்.”

எனக்கு அழுகையாக வந்தது. பெரியவளானால் தாய்மாமா சீர் கொண்டுவருவார், பட்டுப்பாவாடை வரும், பூ அலங்காரம் செய்து போட்டோ எடுப்பார்கள், தினமும் உளுந்தங்களி கிடைக்கும் என்று அக்கா சடங்கைப் பார்த்து நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எனக்கு வரவேண்டியதை எல்லாம் அம்மா தள்ளிப்போடுகிறாள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். ஆனியில் அவள் என்னைச் சங்கரன்கோவிலில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தாள். பஸ் பாஸ் வாங்கினாள், யூனிபாரம் தைத்தாள். ஆடித்தபசுத் திருவிழா கழிந்த பிறகுதான் பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று வீட்டில் சொன்னாள். அப்பா தைத்துவைத்த யூனிபாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சேர்த்தது சேர்த்தாயிற்று, போகட்டும் என்றார். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்க மாட்டோம்.

ஆனால் அந்த மாசிக்கும் ஆனிக்கும் இடையில் ஒரு வைகாசிக் கொடையைத் தாண்ட வேண்டியிருந்தது. பெரியவளாகியும் சடங்கு கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை அந்தப் பீடத்தின் திசையில்கூட நிற்கக் கூடாது. உடம்பு சரியில்லை என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. போன வருஷப் பேச்சுக்குப் பிறகு, நான் வராவிட்டால் அதுவே பதிலாகிவிடும். அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெண்கள் வரிசையில், கயிற்றை ஒட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினாள்.

அத்தை வந்து என்னைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தாள். “இன்னுமாளா ஆவல?”

“இல்ல மதினி. பச்சப்பிள்ள அவ” என்றாள் அம்மா.

அந்த வருஷம் பெரியப்பா வீட்டுக் கிடா, கறுப்பு. மாலை போட்டு நிறுத்தினார்கள். மேளம் ஏறியது. செம்பைத் தூக்கினார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள், மோதிர விரல் வலித்தது. தண்ணீர் முதுகில் பட்டதும் படாததுமாகக் கிடா ஒரே குலுக்காகக் குலுக்கிவிட்டது. குலவை கிளம்பியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன வருஷம் சுத்தமாக நின்றபோது சாமிக்குக் குறை தெரிந்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லையே! அம்மாவின் காதருகில் போய், “பாத்தியாம்மா, குலுக்கிருச்சு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. குலவையும் போடவில்லை.

கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகு அவள் கயிற்றைத் தாண்டிப் போய், பீடத்துக்கு எதிரே கொதிக்கிற கரிசல் மண்ணில் நெற்றி பட விழுந்து கிடந்தாள். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. அப்பா பிழைத்ததற்கு இன்னமும் நன்றி சொல்கிறாளாக்கும் என்று நான் நினைத்தேன். அங்கே கூடியிருந்த அத்தனை பேரிலும் அந்தச் சாமியை அவளைப் போல நம்பியவர்கள் யாரும் இல்லை என்பதும், நம்பிக்கொண்டேதான் என்னை அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள் என்பதும் எனக்கு அன்று தெரியாது. பசித்தது. இலை போட்டுவிட்டார்கள், எழுந்திரு என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.